ஒழுக்க மெக்கானிக்

பொன்னுலிங்கத்தின் ஆமை வண்டியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த எண்ணெய், ஒரு வியாழக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு வண்டியை விட்டுவிட்டுப் பொன்னுலிங்கத்தின் வலது முழங்கை வழியாக ஒழுகத் தொடங்கியது; அதைப் பார்த்த பொட்டல்விலக்குத் தெரு ஆச்சரியப்படவில்லை, இது யார் செய்த வேலை என்றுதான் கேட்டது, ஏனென்றால் அந்தத் தெருவில் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். வேலையைச் செய்தவர் மெக்கானிக் அருமைநாயகம். அந்த எண்ணெய் நாற்பது வீடு ஏறி இறங்கிக் கடைசியில் தன் வீட்டு அடுப்படிக்கும் வந்து சேரும் என்று அவர் அன்றைக்கு நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஸ்பேனரை அந்த அரைச் சுற்று சுற்றியிருக்க மாட்டார்.

ஆமை என்று தெரு பெயர் வைத்த அந்தப் பழைய காருக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, என்ஜின் பின்னால் இருக்கும், சாமான் வைக்கிற இடம் முன்னால் இருக்கும், ஓடுகிறபோது காற்றை வாங்கியே சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட என்ஜின் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், விரிந்து சுருங்குகிற இடுக்கு வழியாக நாளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடும், அந்தச் சொட்டு அதன் சுபாவம். அருமைநாயகம் வால்வு மூடியைக் கழற்றி, இடுக்கை அடைத்திருந்து காய்ந்துபோன பழைய கார்க் அட்டையைச் சுரண்டி எடுத்து, புதுக் கார்க்கை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துவார், குழாய்களின் முனையில் ரப்பர் வளையம் மாற்றுவார், பிறகு போல்ட்டை முறுக்கும்போது இன்னும் அரைச் சுற்று போகும் என்று கைக்குத் தெரிகிற இடத்திலேயே நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் முறுக்கினால் கார்க் நசுங்கும், நசுங்கினால் முன்னைவிட அதிகமாக ஒழுகும். முப்பது வருஷத்தில் அவர் அந்த அரைச் சுற்றைத் தொட்டதில்லை.

அவருக்கும் தெருவுக்கும் பகை வந்தது ஒரு பலகையால். ஷெட்டின் முகப்பில் 'பழைய கார்களின் ஒழுக்கு சரிசெய்து தரப்படும்' என்று எழுதச் சொல்லி ஆள்விட்டார். பலகை எழுதுகிறவர் கொஞ்சம் படித்தவர், ஒழுக்கு என்று ஒரு வார்த்தை இருக்க முடியாது, மெக்கானிக் பாவம் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று தானே முடிவுசெய்து, 'பழைய கார்களின் ஒழுக்கம் சரிசெய்து தரப்படும்' என்று சிவப்பு எழுத்தில் மஞ்சள் நிழல் கொடுத்து எழுதி மாட்டிவிட்டுப் போனார். எதிரே டீக்கடை வைத்திருந்த இசக்கியம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

"ஏ மெக்கானிக்கு, எங்க வீட்டுக்காரரையும் கொண்டாந்து விடட்டுமா? வாரத்துக்கு ஒருக்கா ஒழுக்கம் கெட்டுப்போவுது!"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே பலகையை அழித்து எழுதியிருப்பார். அருமைநாயகம் வீம்புக்காக அப்படியே விட்டார், இசக்கியம்மாள் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார், யார் யார் சிரித்தார்கள் என்பதை மட்டும் மறக்காமல் மூன்று வருஷம் மனசுக்குள் வைத்திருந்தார். அவர் மனசு அப்படிப்பட்டது, உள்ளே போனது வெளியே வராது.

அந்த வியாழக்கிழமை பொன்னுலிங்கம் வந்து நின்றார். அவர் தெருச் சங்கத்தின் தலைவர். முப்பது வருஷமாக வலது முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு அந்த வண்டியை ஓட்டுகிறவர்.

"ஒழுக்க வாத்தியாரே, எம் வண்டிக்குப் பாடம் நடத்தி முடிச்சீரா இல்லையா?"

"முடிஞ்சிட்டு. நாளுக்கு ஒரு சொட்டு விழும். அது விழணும்."

"விழணுமா? வேலை தெரியாதவன் பேசுத பேச்சால்லா இருக்கு. முறுக்கும் வே! கையில சத்து இல்லையா?"

டீக்கடையிலிருந்து சிரிப்பு கேட்டது. அருமைநாயகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் அந்தத் தொடக்கூடாத அரைச் சுற்று, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு முறுக்கினார். பொன்னுலிங்கம் ஏறி உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டார். கீழே விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த மாதிரி என்ஜின் அடியில் காய்ந்து கிடப்பதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்போதுதான் ஜன்னலில் ஊன்றியிருந்த முழங்கையிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, கதவில் இறங்கி, மண்ணில் விழுந்தது.

பிறகு அருமைநாயகம் எல்லாவற்றையும் தளர்த்திப் பார்த்தார், கார்க்கையே உருவி எறிந்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார், பிரயோஜனம் இல்லை. என்ஜின் ஒழுக மறுத்தது. எண்ணெய் வெள்ளிக்கிழமை இசக்கியம்மாளின் வலது கட்டைவிரலிலும், சனிக்கிழமை வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிற வெயிலுமுத்துவின் முழங்காலிலும் வந்தது. அடுத்த வாரம் ஏழு வீடு, அதற்கடுத்த வாரம் பதினைந்து வீடு என்று தெரு முழுக்கப் பரவியது.

தெரு அதற்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் கரித்துணி கட்டிக்கொண்டார்கள், இரண்டாம் வாரம் நாற்காலிக்கு அடியில் அட்டை போட்டார்கள், மூன்றாம் வாரம் மரம் அறுக்கிற பட்டறையிலிருந்து மரத்தூள் சாக்கு சாக்காக வந்து இறங்கியது, கோவில் வாசலிலும் சர்ச் வாசலிலும் ஒரே மாதிரி மணல் தட்டு வைத்தார்கள், வெள்ளைத் துணி எடுக்க மாட்டேன் என்று சலவைக்காரர் சொல்லிவிட்டார், பெண்கள் கறுப்பும் கருநீலமுமாகச் சேலை எடுத்தார்கள், டவுன் பஸ் கண்டக்டர் 'பொட்டல்விலக்கு ஆளெல்லாம் கடைசி சீட்டுக்குப் போங்க' என்று விசில் அடித்தார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனை ஒரு மணி நேரம் வெள்ளை வேட்டியில் உட்காரவைத்து எழுப்பிப் பார்த்தார்கள். வழிகிற எண்ணெயை வீணாக்குவானேன் என்று ஆளாளுக்குக் கதவுக் கீலுக்கு விட்டதில் தெருவில் ஒரு கதவும் கிரீச்சிடாமல் போயிற்று; அதனால் யார் வீட்டுக்குள் யார் போனார், எப்போது வந்தார் என்று காதால் தெரிந்துகொள்ள வழியில்லாமல், எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகத்துக்கு ஒரு வழி காட்டியது பொன்னுலிங்கம். முழங்கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சங்கக் கட்டடத்தில் எழுந்து நின்று, ஜன்னல் வழியாக மெக்கானிக் பலகையைக் கைகாட்டி, இதோ எழுதியே போட்டிருக்கிறதே, நாம்தான் சிரித்துவிட்டோம், ஒழுக்கு வந்தவனுக்கு ஒழுக்கம் இல்லை என்று அர்த்தம், எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்தால் தப்பு செய்திருக்கிறான் என்று சொன்னார். அப்படியானால் உம்முடைய முழங்கை எதனால் என்று யாரோ கேட்டதற்கு, தான் வரிசையில் நாலு பேரை இடித்துக்கொண்டு முன்னால் போனது உண்டு என்று பெரிய மனுஷனாக ஒப்புக்கொண்டார். சின்னக் குற்றம் ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டவருக்கு மற்றவர்களின் பெரிய குற்றத்தைத் தேடுகிற அதிகாரம் தானாக வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு வீடு சங்கத்துக்கு வர வேண்டும், எல்லார் முன்னிலையிலும் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் தெருவில் அவர் ஒருவர்தான் என்பதால், பார்த்துச் சொல்ல அருமைநாயகத்தையே நியமித்தார்கள். ஒழுக்க மெக்கானிக் என்று அவரைக் கூப்பிட்டார்கள், இந்தத் தடவை சிரிக்காமல் கூப்பிட்டார்கள்.

அவர் என்ஜினுக்குச் செய்வதையே மனிதர்களுக்கும் செய்தார். பெஞ்சில் உட்காரவைத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார், காயவிடுவார், முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவுவார், உடம்பு சூடாகட்டும் என்று கட்டடத்தை இரண்டு சுற்று நடக்கவிடுவார், பவுடர் எந்த இடத்தில் முதலில் கறுக்கிறதோ அந்த இடத்தை விரலால் காட்டுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. அர்த்தம் சொல்கிற வேலை சங்கத்துடையது.

இசக்கியம்மாளின் கட்டைவிரலைக் காட்டினார். பால் அளக்கும்போது விரலை உள்ளே விட்டு அளக்கிறாள் என்று தெரு சொன்னது. அவள் கடைப் பெஞ்சுகளைத் தூக்கி ரோட்டில் எறிந்தார்கள், அடுப்பை இடித்தார்கள், அவள் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி ஊருக்குப் பஸ் ஏறினாள், கடைசி சீட்டில் உட்கார்ந்து போனாள். வெயிலுமுத்துவின் முழங்காலைக் காட்டினார். எவள் வீட்டுச் சுவரை ஏறிக் குதித்தான் என்று தெரு கேட்டது. அவன் பெண்டாட்டி அதற்குப் பதில் கிடைக்காமல் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

அருமைநாயகத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்மை தெரியும். எண்ணெய் குற்றம் பார்த்து வராது, தேய்ந்த இடம், அடிபட்ட இடம் பார்த்து வரும். ஸ்பேனர் பிடிக்கிற எவனும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் அது. இருபது வருஷம் கொதிக்கிற பாய்லர் மூடியை அந்தக் கட்டைவிரலால்தான் இசக்கியம்மாள் தள்ளித் திறந்தாள், டீ குடித்த காலமெல்லாம் அவர் அதைப் பார்த்திருக்கிறார். அந்த முழங்காலை ஊன்றித்தான் வெயிலுமுத்து லாரிப் பலகையில் மூட்டையோடு ஏறினான். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. சிரித்த வாயெல்லாம் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, இசக்கியம்மாள் பஸ் ஏறிய அன்று ஷெட்டில் நின்று ஸ்பேனரைத் துடைத்தபடி அவர் பாட்டு ஒன்றை முனகினார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், அடுப்படி சிமென்ட் தரையில் கறுப்பாக, வட்டமாக ஒரு சொட்டைப் பார்த்தார். அவர் மனைவி ஞானப்பூ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டில், வளையலுக்குக் கீழே, அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஞானப்பூவுக்குத் தையல் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. போகக் கூடாது என்றார் அருமைநாயகம். போவேன் என்று அவள் பையை எடுத்தபோது அந்த மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்ததை விடவில்லை, உள்ளே ஏதோ முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் அவர் சொன்னார், அவள் மறுத்துப் பேசவில்லை, யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து சோறு, உப்பு, மழை, பால்காரர், இவற்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் கேட்காமல் அவளாக அவரிடம் பேசியதில்லை. அந்தக் கையால் அவள் குடம் தூக்கியதில்லை.

"எப்ப இருந்து வருது?"

"திங்கக்கெழம இருந்து."

"ஞாயித்துக்கெழம நம்ம வீட்டு மொற. காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்க. இல்லன்னா ஒரு ரப்பர் வளையம் வெட்டிப் போட்டு விடுதேன், வெளிய தெரியாது."

"அடைக்க வேண்டாம். அடச்சா வேற எடத்துல வரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"அங்கன வந்து என்ன சொல்லப் போற?"

"நான் என்னத்தச் சொல்ல? எடத்தக் காட்டுதது நீங்கதான."

அவர் பாதிச் சோற்றில் எழுந்தார். மணிக்கட்டைக் காட்டினால் தெரு என்ன கேட்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், எவன் வந்து கையைப் பிடித்தான் என்றுதான் கேட்கும், ஒரு பொம்பளையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் அப்புறம் அவள் அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞானப்பூ கடைசி சீட்டில் உட்கார்ந்து எங்கேயாவது போக வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த இடம் எதனால் தேய்ந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் பொன்னுலிங்கத்தின் வாசலில் போய் நின்றார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் கெஞ்சியது கிடையாது, அதனால் அது சரியாகவும் வரவில்லை.

"எம் வீட்ட மட்டும் விட்டுரும்."

"ஏன் வே? நாப்பது வீட்டுப் பொம்பளையளையும் பவுடர் போட்டுப் பாத்தீருல்லா. ஒம்ம வீட்டுல மட்டும் பன்னீரா ஓடுது?"

"அவளுக்கு ஒடம்புக்கு முடியல."

"ஒடம்புக்கு முடியலன்னா தூக்கிட்டு வாரும். எல்லாரும் காத்துக் கெடக்கோம்." பொன்னுலிங்கம் முழங்கைத் துண்டைப் பிழிந்துகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு சத்தமே இல்லாமல் மூடியது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. மற்ற வீடுகளுக்கு வராதவர்கள்கூட மெக்கானிக் வீட்டுக்கு வந்திருந்தார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், எல்லார் காலடியிலும் மரத்தூள் கறுத்துப்போய்க் கிடந்தது. தங்கள் கட்டைவிரலையும் முதுகையும் கணுக்காலையும் ஊர் பார்க்கக் காட்டிய மனிதனின் வீடு என்ன கதி ஆகிறது என்று பார்க்கிற ஆசை எல்லார் முகத்திலும் பச்சையாகத் தெரிந்தது. ஞானப்பூவை யாரும் கூட்டி வரவில்லை. அவளாக நடந்து வந்தாள். சர்ச்சுக்குப் போகிறபோது உடுத்துகிற வெள்ளைச் சேலையை உடுத்தியிருந்தாள், ஆறு மாதத்தில் தெரு பார்த்த முதல் வெள்ளைச் சேலை அது. பெஞ்சில் உட்கார்ந்து வளையலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

அருமைநாயகம் மண்ணெண்ணெய்த் துணியால் அந்தக் கையைத் துடைத்தார். பதினோரு வருஷத்தில் இன்றைக்குத்தான் அந்த மணிக்கட்டைத் தொடுகிறார். எலும்பு சேர்ந்த இடம் கொஞ்சம் மேடாக, கோணலாக விரலுக்குத் தட்டுப்பட்டது. பவுடரைத் தூவினார். அவள் எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பவுடர் வேறு எங்கும் கறுக்கவில்லை, அந்த மேட்டில் மட்டும் நாலு விரல் தடம் பதிந்த மாதிரி நாலு கோடாகக் கறுத்தது.

"மணிக்கட்டு," என்றார் பொன்னுலிங்கம், வாய் நிறைய. "இடது மணிக்கட்டு. எல்லாரும் பாத்துக்கிடுங்க."

"எவன் கையப் பிடிச்சானோ!" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வெரல் தடமே கெடக்கே. புருசன் ஷெட்டுல கெடக்கான், வீட்டுக்கு எவன் வந்தான்னு கேளுங்க."

"மெக்கானிக்கு ஊர் ஒழுக்கத்தப் பாக்கப் போயி வீட்டக் கோட்ட விட்டுட்டாரு!"

சிரித்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிரித்த அதே வாய்கள், அதே சிரிப்பு. ஞானப்பூ சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒழுக்கம் ஒண்ணும் இல்ல," என்றார் அருமைநாயகம். "தப்பு செஞ்ச எடத்துல எண்ணெ வராது. தேஞ்ச எடத்துல வரும். என்ஜினும் அப்படித்தான், ஒடம்பும் அப்படித்தான். முப்பது வருசமா ஜன்னல்ல ஊனி ஊனித் தேஞ்ச முழங்கை வே ஒமக்கு. வெயிலுமுத்துவுக்கு மூட்டை ஏத்தித் தேஞ்ச காலு. இசக்கியம்மாவுக்குப் பாய்லர் மூடியில வெந்த வெரலு. அவா பாலுல வெரல விட்டதே கெடையாது."

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து வெயிலுமுத்து நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் பெண்டாட்டி போய் ஐந்து மாதமாகியிருந்தது.

"இது ஒமக்கு எப்ப வே தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"மொத நாளேவா? பெறகு ஏன் சொல்லல?"

"நீங்கள்லாம் என்னப் பாத்துச் சிரிச்சீங்க. அதான் சொல்லல."

வெயிலுமுத்து அவர் சட்டையைப் பிடித்தான். நாலைந்து பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள், ஒருத்தன் பவுடர் டப்பாவைத் தூக்கி எறிந்தான், வெள்ளையாகப் புகைபோலப் பறந்து எல்லார் தலையிலும் இறங்கியது. அடி விழப்போகிற நேரத்தில் பொன்னுலிங்கம் கையை உயர்த்தினார். அவருக்குத் தன் முழங்கை இத்தனை சாதாரணமானது என்பதில் ஏமாற்றம். ஆனாலும் சங்கத் தலைவர், விசாரணையை முடிக்காமல் விடுகிறவர் இல்லை.

"விடுங்க வே அவர. பெறகு பாத்துக்கிடலாம். ஓய் மெக்கானிக்கு, நீரு சொல்லுதது மெய்யின்னே வச்சுக்கிடுவோம். அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு எதுல வே தேஞ்சுது? அவா என்ன மூட்டையா தூக்குதா?"

கேள்வி வந்துவிட்டது. கிணற்றடி என்று சொல்ல அவர் வாய் திறந்தது, பதினோரு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில் தொண்டை வரை தானாக ஏறி வந்தது. ஞானப்பூ நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு வெள்ளைச் சேலையில் விழுந்து பரவியது, இன்னொன்று விழுந்தது, அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். கிழிந்த சட்டையும் பவுடர் படிந்த தலையுமாக, தனக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"கையப் பிடிச்சது நான்தான். நான்தான் ஒடிச்சேன்."

பக்கத்தில் நின்ற ரெண்டு பேருக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் நின்றவர்கள் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். பொன்னுலிங்கம் எழுந்து போய்க் கூட்டத்தைக் கலைக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி இருமினார். அப்போது ஞானப்பூ பேசினாள்; சோறு, உப்பு, மழை, பால்காரர் தவிர்த்து, அவர் கேட்காமல் அவளாகவே புருஷனிடம் பதினோரு வருஷம் கழித்துப் பேசிய பேச்சு அது.

"சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல."